அயர்லாந்துக் கவுண்டி சபை முடிவுகளும் எங்கள் வட்டாரப் புள்ளடியும்

பத்திரிகை ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

உள்ளூராட்சித் தேர்தல் முறை பற்றித் தங்கள் நாளிதழின் வாசகர் பக்கத்தில் சில கிழமைகளாக வெளிவரும் கடிதங்களை ஒன்றுவிடாமல் வாசித்து வருகிறேன். ஒரு தரப்பினர் முழுக்க முழுக்க வட்டார முறைக்கே திரும்பவேண்டும் என்கிறார்கள். மறு தரப்பினர் பழைய விகிதாசாரமே மேல் என்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் வட்டாரத்துக்கு அறுபது வீதம், கட்சிப் பட்டியலுக்கு நாற்பது வீதம் என்று கட்டிவைத்திருக்கும் இன்றைய கலப்பு முறைக்காக வாதாட ஒருவரும் முன்வந்ததாக நான் காணவில்லை. வாக்காளரே ஆளைத் தெரிவுசெய்யவும், விழுந்த வாக்குகளின் அளவுக்கு ஆசனங்கள் கிடைக்கவும், இரண்டுக்கும் ஒரே வாக்குச்சீட்டில் இடமளிக்கும் முறையொன்று ஒரு தீவு நாட்டில் நூறு வருடங்களுக்கு மேலாகப் பழக்கத்தில் உண்டு. அதை எவரும் எடுத்துச் சொல்லாதபடியால் இக்கடிதத்தை எழுதத் துணிந்தேன். அந்த நாடு அயர்லாந்து. அங்கே 2024 ஜூன் 7 ஆம் திகதி நடந்த கவுண்டி (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) சபைத் தேர்தல்களின் முடிவுகளை, எங்கள் திருகோணமலை மாவட்டத்தில் 2018 இலும் 2025 இலும் நடந்தவற்றோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது எனக்குத் தோன்றியவையே கீழே உள்ளவை.

இந்தத் தூரதேசத்துத் தேர்தலில் எனக்கு என்ன அக்கறை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். என் மகள் டொனிகோல் என்னும் வடமேற்குக் கவுண்டியில், லெட்டர்கெனி என்ற பட்டணத்தில் தாதியாக வேலை செய்கிறாள். அவள் அந்நாட்டுப் பிரஜை அல்ல. ஆனாலும் கவுண்டி சபைத் தேர்தலில் அவளுக்கு வாக்கு உண்டு. பதினெட்டு வயது நிரம்பி, அவ்விடத்தில் குடியிருந்து, இடாப்பில் பெயரைப் பதிந்தால் போதும். கடவுச்சீட்டு எந்த நாட்டினது என்று கேட்பதில்லை. வாக்களிக்க மட்டுமல்ல, போட்டியிடவும் இதே விதிதான். 2000 ஆம் ஆண்டில் நைஜீரியாவிலிருந்து தஞ்சம் கோரிச் சென்ற ரொட்டிமி அடெபாரி என்பவர் 2004 இல் போர்ட்லீஷ் பட்டண சபைக்குத் தெரிவாகி, 2007 இல் அப்பட்டணத்தின் மேயராகவும் இருந்தார். மகள் முதன்முதலாக வாக்களித்துவிட்டு வந்து இரவு தொலைபேசியில் சொன்ன வார்த்தை, “அப்பா, இங்கே புள்ளடி போடுறதில்லை, நம்பர் போடுறது” என்பதுதான். ஆசிரியத் தொழிலில் இருந்த காலமெல்லாம் தேர்தல் கடமைக்குப் போய்ப் புள்ளடிகளை எண்ணியே பழகிய எனக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. அன்றிலிருந்து அவளைத் தூங்கவிடாமல் விபரம் கேட்டேன் என்று அவள் இன்றும் குறைப்படுவதுண்டு.

அங்கே 31 உள்ளூராட்சி சபைகள் உள்ளன. அவற்றில் 26 கவுண்டி சபைகள், மற்றவை நகர சபைகளும் நகரமும் கவுண்டியும் சேர்ந்தவையும். மொத்த உறுப்பினர்கள் 949 பேர். ஐந்து மில்லியன் மக்களுக்கு 949 பேர் என்பதை, இருபத்திரண்டு மில்லியன் மக்களுக்கு எட்டாயிரத்துக்கு மேற்பட்ட உறுப்பினர்களை வைத்திருக்கும் நாம் ஒருமுறை யோசித்துப் பார்க்கலாம். 2024 இல் ஃபியானா ஃபால் கட்சிக்கு 248 ஆசனங்களும், ஃபினே கேல் கட்சிக்கு 245 ஆசனங்களும், சின் ஃபெயின் கட்சிக்கு 102 ஆசனங்களும் கிடைத்தன. முதலிரு கட்சிகளும் முதலாம் விருப்பு வாக்குகளில் தலா ஏறத்தாழ 23 வீதமும், சின் ஃபெயின் ஏறத்தாழ 12 வீதமும் பெற்றிருந்தன. வாக்கு வீதத்தையும் ஆசன வீதத்தையும் அருகருகே எழுதிப் பார்த்தால் இரண்டும் வெகுதூரம் விலகவில்லை. இதைச் சாதிக்க அங்கே தேசியப் பட்டியலும் இல்லை, போனஸ் ஆசனமும் இல்லை, கட்சிச் செயலாளர் ஆளை நியமிக்கும் கடிதமும் இல்லை. சபைக்குப் போன ஒவ்வொருவரும் தன் பெயருக்கும் தன் படத்துக்கும் நேரே வாக்காளர் எழுதிய இலக்கத்தால் போனவர். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும்: எந்தக் கட்சியிலும் சேராத சுயேச்சைகள் 180 பேருக்கு மேல் தெரிவானார்கள். எங்கள் நாட்டில் சுயேச்சை என்றால் ஒரு குழு, ஒரு சின்னம், அதன் பின்னால் பெரும்பாலும் ஏதோவொரு கட்சியின் நிழல். அங்கே சுயேச்சை என்றால் தனியாள்.

முறையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு கவுண்டியை ஒரு உறுப்பினர் வட்டாரங்களாகத் துண்டு போடாமல், பல உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பெரிய தேர்தல் பகுதிகளாகப் பிரிக்கிறார்கள். டொனிகோல் கவுண்டி சபைக்கு 37 உறுப்பினர்கள், பகுதிகள் ஏழு, மில்ஃபோர்ட் பகுதிக்கு 3 பேர், லெட்டர்கெனிப் பகுதிக்கு 7 பேர். வாக்குச்சீட்டில் வேட்பாளர்களின் பெயர்கள் அகர வரிசையில் இருக்கும். தனக்கு மிகப் பிடித்தவருக்கு 1, அவர் இல்லாவிட்டால் யார் என்பதற்கு 2, அவரும் இல்லாவிட்டால் 3 என்று வாக்காளர் தன் விருப்பம் போல் எழுதிக்கொண்டே போகலாம். ஒன்றோடு நிறுத்தவும் செய்யலாம். 1 ஒரு கட்சிக்கும் 2 இன்னொரு கட்சிக்கும் 3 ஒரு சுயேச்சைக்கும் போகலாம். செல்லுபடியான வாக்குகளை, ஆசனங்களின் எண்ணிக்கையோடு ஒன்றைக் கூட்டி வருவதால் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்றைச் சேர்த்தால் வருவது தெரிவாவதற்கு வேண்டிய அளவு. ஏழு ஆசனப் பகுதியில் 8,000 செல்லுபடியான வாக்குகள் விழுந்தால் அந்த அளவு 1,001. அதைத் தாண்டியவரின் மிகுதி வாக்குகள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். கடைசியில் நிற்பவர் விலக்கப்பட்டு அவருடைய சீட்டுகளும் அவ்வாறே பகிரப்படும். ஆசனங்கள் நிரம்பும்வரை சுற்றுச் சுற்றாக இது நடக்கும்.

வெள்ளிக்கிழமை வாக்களிப்பு முடிந்தால் சனிக்கிழமை காலையில்தான் பெட்டிகளைத் திறக்கிறார்கள். ஒரு பெரிய விளையாட்டு மண்டபம், நீளமான மேசைகள், மேசைக்கு இப்பால் ஒரு தடுப்பு. தடுப்போடு ஒட்டிக்கொண்டு கட்சிக்காரர்கள் வரிசையாக நின்று, அலுவலர் ஒவ்வொரு சீட்டையும் விரிக்கும் அந்த ஒரு கணத்தில் 1 என்ற இலக்கம் யாருக்கு நேரே கிடக்கிறது என்று கண்ணால் பிடித்துத் தங்கள் அட்டையில் பென்சிலால் கோடு கீறுகிறார்கள். ஒரு கட்சிக்காரர் ஒரு மேசையைப் பார்க்க, போட்டிக் கட்சிக்காரர் மறு மேசையைப் பார்க்க, பிறகு இருவரும் கணக்கை மாற்றிக்கொள்கிறார்களாம்! உத்தியோகபூர்வ முடிவு வருமுன்னரே எந்தக் கிராமத்துப் பெட்டி யாருக்கு விழுந்தது என்பது மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊரெங்கும் தெரிந்துவிடும். எண்ணிய சீட்டுகளைப் புறாக்கூடு போன்ற தட்டுகளில் வேட்பாளர் வாரியாக அடுக்குவார்கள். மகள் விடுமுறை நாளொன்றில் போய்ப் பார்த்துவிட்டு இதையெல்லாம் சொன்னாள். அதே நாளில் நடந்த ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் அவர்கள் பகுதிக்கு 5 ஆசனங்களுக்கு 27 வேட்பாளர்கள். வாக்குச்சீட்டு ஒரு முழத்துக்கும் மேல் நீளமாம். இதை இயந்திரத்தில் ஏற்றிவிடலாம் என்று அந்நாட்டு அரசாங்கம் ஒருமுறை ஐந்து கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து இயந்திரங்கள் வாங்கியதும், நம்பிக்கை வராமல் களஞ்சியத்தில் வருடக்கணக்காகக் கிடந்த அவை 2012 இல் பழைய இரும்பு விலைக்குப் போனதும் வேறு கதை. இன்றும் கையால்தான் எண்ணுகிறார்கள்.

டொனிகோல் முடிவில் என்னை மிகவும் ஈர்த்தது ஒரு சிறு கட்சி. அந்தக் கவுண்டியில் ஆயிரக்கணக்கான வீடுகள் தரக்குறைவான சீமெந்துக் கற்களால் கட்டப்பட்டுவிட்டன. கல்லில் மைக்கா போன்ற கனிமங்கள் அளவுக்கு மிஞ்சிக் கலந்திருந்தபடியால் மழையிலும் குளிரிலும் சுவர்கள் வெடித்து, கல் விரலால் கிள்ளினால் உதிரும் நிலைக்கு வந்துவிட்டது. அரசாங்கத்தின் முதலாவது இழப்பீட்டுத் திட்டம் முழுச் செலவையும் ஈடுசெய்யவில்லை. முழுமையான இழப்பீடு வேண்டும் என்று தலைநகர் டப்ளின் வரை போய்ப் போராடியவர்கள், ‘100% ரெட்ரஸ்’ (நூறு வீத இழப்பீடு) என்ற பெயரில் கட்சியொன்றைப் பதிந்து 2024 இல் கவுண்டி சபைக்குப் போட்டியிட்டு நான்கு ஆசனங்களைப் பெற்றார்கள். வெடித்த சுவருள்ள வீடுகள் கவுண்டியெங்கும் சிதறிக் கிடக்கின்றன; அந்த வீட்டுக்காரர்கள் எந்த ஒரு வட்டாரத்திலும் முதலாம் இடத்துக்கு வரும் அளவுக்குத் திரண்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. ஆனால் ஏழு பேரைத் தெரிவுசெய்யும் பகுதியில் எட்டிலொரு பங்கு போதும். அதையும் முதலாம் விருப்பிலேயே பெறவேண்டும் என்பதில்லை. பிரதான கட்சிக்கு 1 எழுதிவிட்டு, “சுவர் வெடித்த இந்த மனிசனுக்கும் ஒன்றைப் போடுவோம்” என்று 2 எழுதியவர்களின் வாக்கும் அங்கே வேலை செய்யும்.

டொனிகோலின் எல்லையைக் கடந்தால், பிரித்தானியாவின் கீழ் உள்ள வட அயர்லாந்தின் டெரி நகரம். வட்டார முறையே தீர்வு என்று எழுதும் நண்பர்கள் டெரியின் கதையை ஒருமுறை படிக்கவேண்டும். அயர்லாந்துத் தீவில் இந்த இலக்க வாக்கு உள்ளூராட்சித் தேர்தலுக்கு முதலில் வந்தது 1919 ஜனவரியில், ஸ்லைகோ என்ற பட்டணத்தில். மறு வருடம் தீவு முழுவதற்கும் விரிந்தது. தீவு பிரிந்த பின்னர், 1922 இல், வட அயர்லாந்து அரசாங்கம் அதை உள்ளூராட்சித் தேர்தலிலிருந்து நீக்கி, வட்டாரங்களையும் புள்ளடியையும் திரும்பக் கொண்டுவந்தது. அதன் பலனை வட அயர்லாந்துக் கலவரங்களை விசாரித்து 1969 இல் வெளிவந்த கமரன் ஆணைக்குழு அறிக்கை இலக்கங்களாகவே தருகிறது. 1967 இல் டெரி மாநகர சபைக்கான கத்தோலிக்க வாக்காளர்கள் 14,429 பேர். ஏனையோர் 8,781 பேர். சபையிலோ யூனியனிஸ்டுகள் (பிரித்தானியாவோடு சேர்ந்திருக்க விரும்பியோர், பெரும்பாலும் புரட்டஸ்தாந்தர்) 12, எதிர்த்தரப்பினர் 8. தெற்கு வட்டாரத்தில் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட கத்தோலிக்கரை ஒன்றாக அடைத்து 8 ஆசனங்களைக் கொடுத்து, மற்ற இரண்டு வட்டாரங்களையும் மறு தரப்புக்குப் பெரும்பான்மை வரும்படி கோடு கீறி 12 ஆசனங்களைக் கொடுத்துவிட்டார்கள். கள்ள வாக்குப் போடவும் வேண்டியதில்லை, பெட்டியை மாற்றவும் வேண்டியதில்லை. வரைபடமும் பென்சிலும் போதும். அந்த நகரத்தின் கொந்தளிப்பு பின்னர் நீண்ட ஆயுத மோதலில் போய் முடிந்ததை உலகமறியும். 1973 இல் வட அயர்லாந்தின் உள்ளூராட்சித் தேர்தலுக்கு இலக்க வாக்கையே மீண்டும் கொண்டுவந்தார்கள்.

திருகோணமலையில் இருந்துகொண்டு இதை வாசிப்பவருக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. எந்த ஒரு சமூகமும் பாதியை எட்டாத மாவட்டம் இது. ஒரு வீதியின் இந்தப் பக்கம் ஒரு வட்டாரம், அந்தப் பக்கம் இன்னொரு வட்டாரம் என்று எல்லை போடும்போது, அந்தக் கோடு யாருடைய கிராமத்தைப் பாதியாக வெட்டுகிறது என்பதே முதற்கேள்வியாகிவிடுகிறது. எல்லை நிர்ணயம் என்ற சொல்லைக் கேட்டாலே ஒவ்வொரு சமூகத்தவரும் நெஞ்சைப் பிடித்துக்கொள்வது சும்மா இல்லை. கிழக்கு மாகாண சபையின் ஆயுள் 2017 செப்டெம்பரில் முடிந்த பின்னர் இன்றுவரை தேர்தல் இல்லை. அதற்குச் சொல்லப்படும் காரணமும், 2017 இல் சட்டத்தை மாற்றித் தொகுதிகளைப் புதிதாக வரைய முற்பட்டதும், அந்த எல்லை நிர்ணய அறிக்கையை 2018 இல் பாராளுமன்றம் நிராகரித்ததும்தான். கோடு கீறுவதில் இவ்வளவு சிக்கல் என்றால், கோடுகளே குறைவாகத் தேவைப்படும் முறையை ஏன் பார்க்கக்கூடாது? பல கிராமங்களைச் சேர்த்து ஐந்து, ஆறு, ஏழு உறுப்பினர்களைத் தெரிவுசெய்யும் பகுதியொன்றில், எல்லை நூறு யார் தூரம் தள்ளிப்போனாலும் முடிவு பெரிதாக மாறப்போவதில்லை.

எங்கள் இன்றைய முறையின் குறையை வாசகர்கள் அனுபவத்தில் அறிவார்கள். என் அனுபவத்தையும் சொல்கிறேன். 2021 மாரியில் எங்கள் ஒழுங்கையின் வடிகான் அடைத்து, முழங்கால் அளவு தண்ணீர் இரண்டு வீடுகளின் அடுப்படிக்குள் ஏறிவிட்டது. வட்டார உறுப்பினரிடம் போனோம். அவர் எங்கள் வட்டாரத்தில் விழுந்த வாக்குகளில் மூன்றிலொன்றும் பெறாமல் வென்றவர்; தனக்கு வாக்களித்த ஒழுங்கைகள் எவை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எங்களுடையது அவற்றில் ஒன்றல்ல. பட்டியலில் வந்த உறுப்பினர் ஒருவரும் அண்மையில் குடியிருந்தார். அவரிடம் போனால், “நான் வட்டாரத்துக்குப் பொறுப்பில்லை, ஐயா, கட்சி போட்டதால் வந்தவன்” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. அவரைச் சபைக்கு அனுப்பியது எங்கள் வாக்கல்ல, செயலாளரின் கையொப்பம். கடைசியில் பக்கத்து வீட்டு இளைஞர்கள் மண்வெட்டியோடு இறங்கினார்கள். வடிகானிலிருந்து ஷொப்பிங் பைகளும் இளநீர்க் கோம்பைகளும் ஒரு பழைய மீன்பெட்டியும் வந்தன. அள்ளி ஓரமாகக் குவித்த குப்பையை மறுநாள் காலையில் ஊர் மான்கள் இரண்டு வந்து கிளறிக்கொண்டிருந்தன. திருகோணமலையில் குப்பையை யார் அகற்றாவிட்டாலும் மான்கள் வந்து பார்த்துவிட்டாவது போகும். பாவம், பொலித்தீனையும் சேர்த்துத் தின்கின்றன.

நியாயமாகச் சொல்வதென்றால், கலப்பு முறையை இன்றைய வடிவில் தந்த 2017 இன் உள்ளூராட்சித் தேர்தல் சட்டத் திருத்தம் நல்ல நோக்கங்களோடுதான் வந்தது. வட்டாரத்தில் தோற்ற கட்சியின் வாக்குகள் வீணாகாமல் பட்டியல் ஆசனமாக மாறுகின்றன. பெண்களுக்கு நான்கிலொரு பங்கு என்ற விதியும் அதற்கு முந்திய வருடத் திருத்தத்தில் வந்தது. இவ்விடயத்தில் அயர்லாந்து எங்களுக்குப் பின்னால் நிற்கிறது: நாடாளுமன்ற வேட்பாளர்களில் பெண்களின் பங்கு குறைந்தால் கட்சியின் அரச நிதியைக் குறைக்கும் சட்டம் அங்கே இருந்தும், உள்ளூராட்சிக்கு அவ்வாறான கட்டாயம் இல்லை, 2024 இலும் பெண் உறுப்பினர்கள் நான்கிலொரு பங்கை அண்டியே நின்றார்கள். இலக்க வாக்கு முறையைக் கொண்டுவந்தாலும் வேட்புமனுவில் பெண்களுக்கான விதியை நாம் கைவிடக்கூடாது. ஆனால், கலப்பு முறையால் உறுப்பினர் தொகை ஏறத்தாழ இரட்டித்ததும், எந்தக் கட்சிக்கும் பெரும்பான்மை வராமல் தவிசாளர் தெரிவின்போது நடந்த பேரங்களும், இவற்றையெல்லாம் சுமந்த சபைகள் 2023 மார்ச்சில் கலைந்து ஈராண்டுகளுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகளே இல்லாமல் கிடந்ததும் கணக்கில் எடுக்கவேண்டியவை. பணமில்லை என்று தேர்தலைத் தள்ளிப்போட்டது அடிப்படை உரிமை மீறல் என்று உயர் நீதிமன்றம் 2024 ஓகஸ்டில் தீர்ப்பளித்த பின்னரே 2025 மே 6 ஆம் திகதி வாக்களித்தோம்.

எதிர்வாதங்கள் மூன்றை நானே எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, இது எங்கள் பழைய விருப்பு வாக்குச் சண்டைதானே என்பது. இல்லை. எங்கள் விருப்பு வாக்கு ஒரு கட்சிக்குள் அடைபட்டது. மூன்று இலக்கங்களுக்கும் ஒரே பெறுமதி. ஆகவே ஒரே கட்சிக்காரரின் சுவரொட்டியின் மேல் ஒரே கட்சிக்காரர் பசை பூசினார். அயர்லாந்திலும் ஒரே கட்சி வேட்பாளர்களுக்கிடையில் போட்டி உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் அங்கே பக்கத்துக் கட்சிக்காரனின் இரண்டாம் விருப்பும் வேண்டியிருப்பதால், மேடையில் வாயை அடக்கவேண்டிய தேவை வேட்பாளருக்கு உண்டு. எங்கள் மாவட்டத்தில், தன் சமூகத்தவரின் 1 போதாது, அயல் சமூகத்தவரின் 3 உம் 4 உம் தேவை என்று ஒரு வேட்பாளர் உணர்ந்தால் அவர் பேசும் பேச்சு எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் ஒரே நாளில் ஒற்றுமை பூத்துவிடும் என்று நான் நம்பவில்லை. வட அயர்லாந்திலும் இரு தரப்பினரும் பெரும்பாலும் தம் பக்கத்துக்குள்ளேயே இலக்கங்களைப் பகிர்கிறார்கள்.

இரண்டாவது, எங்கள் மக்களுக்கு இலக்கம் போடத் தெரியாது என்பது. ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எழுதும் உரிமை எங்களுக்கு 1982 முதல் கையில் இருக்கிறது. 2024 செப்டெம்பரில் எவரும் பாதியைத் தாண்டாததால் முதல் தடவையாக இரண்டாம் விருப்பை எண்ணவேண்டி வந்தது. முன்னிலையில் இருந்தவருக்கு 42.31 வீதம். முதலிருவர் அல்லாதோருக்கு விழுந்த முப்பத்து மூன்று இலட்சத்துச் சொச்ச வாக்குகளில் அந்த இருவருக்கும் மாறியவை மூன்று இலட்சத்துக்கும் குறைவு. இதைக் காட்டி மக்களுக்கு விளங்கவில்லை என்கிறார்கள். மக்களுக்கு விளங்காததல்ல, “எங்களுக்கு மட்டும் போடுங்கள், வேறெதையும் எழுதாதீர்கள்” என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொடுத்தவர்கள் யார் என்று கேட்கவேண்டும்.

மூன்றாவது, எண்ணும் நேரம். இது உண்மையான சிரமம். வாக்களித்த மண்டபத்திலேயே அன்றிரவே எண்ணி முடிக்கும் எங்கள் பழக்கத்தை விடவேண்டி வரும். எல்லாப் பெட்டிகளையும் ஓரிடத்துக்குக் கொண்டுபோகவேண்டும். இரவோடிரவாக முடிவு கேட்டுப் பழகிய எங்கள் சனத்துக்கு இரண்டு மூன்று நாள் காத்திருக்கும் பொறுமையும், பெட்டிகளைக் காவல்காக்கும் அதிகாரிகள் மீது நம்பிக்கையும் வேண்டும். பின்னது இலகுவில் வராது.

பேச்சோடு நிற்காமல், இதைச் செய்து பார்த்தோம் என்பதையும் தெரிவிக்க விரும்புகிறேன். எங்கள் சனசமூக நிலையத்துக்கு மூவர் கொண்ட நூல்நிலையக் குழுவொன்றைத் தெரிவுசெய்யவேண்டியிருந்தது. வழக்கமாகக் கை உயர்த்துவோம். இம்முறை நான் வற்புறுத்தி, கொப்பித் தாள்களை வெட்டி, ஐந்து பெயர்களை எழுதி, இலக்கம் போடச் சொன்னேன். 47 பேர் வாக்களித்தார்கள். நாலால் வகுத்து ஒன்றைக் கூட்ட, வேண்டிய அளவு 12. ஓய்வுபெற்ற தபாலதிபருக்கு 15, பலசரக்குக் கடைக்காரருக்கு 10, தையல் ஆசிரியைக்கு 9, மீன்பிடிச் சங்கத்துக்காரருக்கு 7, விளையாட்டுக் கழகத்துப் பையனுக்கு 6. தபாலதிபர் தெரிவாகிவிட்டார். அவருடைய மிகுதி மூன்று. அவருடைய 15 சீட்டுகளிலும் அடுத்த விருப்பம் ஆசிரியைக்கு 10, கடைக்காரருக்கு 5 என்றிருந்தபடியால், அதே விகிதத்தில் இரண்டு சீட்டுகள் ஆசிரியைக்கும் ஒன்று கடைக்காரருக்கும் போயின. இருவரும் 11 இல் நின்றார்கள். எவரும் 12 ஐ எட்டாததால் கடைசியிலிருந்த பையன் விலக, அவனுடைய ஆறு சீட்டுகளில் ஐந்து மீன்பிடிச் சங்கத்துக்காரருக்கும் ஒன்று ஆசிரியைக்கும் போயின. இருவரும் 12. கடைக்காரர் 11 இலேயே நின்றுவிட்டார்.

மண்டபத்தில் சத்தம் கிளம்பியது. “முதல் எண்ணிக்கையில் இரண்டாவதாக வந்தவன் நான், நான்காவதாக வந்தவர் எப்படி உள்ளே போவார்?” என்று கடைக்காரர் கேட்டார். கேள்வி நியாயமற்றதல்ல. கை உயர்த்தியிருந்தால் அவர் வந்திருப்பார். நான் சீட்டுகளை மேசையில் விரித்துக் காட்டினேன்: கழகத்துப் பையன்கள் ஆறு பேரும் வெட்டித்தனமாக வாக்களித்தவர்கள் ஆகாமல், தங்கள் ஆள் வராவிட்டால் யார் வரவேண்டும் என்று எழுதியிருந்ததையும், அந்த எழுத்துக்கு மதிப்புக் கொடுத்ததால்தான் கடற்கரைப் பக்கத்து ஆளொருவர் முதன்முறையாகக் குழுவுக்குள் வந்தார் என்பதையும் சொன்னேன். தையல் ஆசிரியை ஒவ்வொரு சீட்டாகத் தானும் எடுத்து எண்ணிப் பார்த்து, “கணக்குச் சரி” என்றார். கடைக்காரர் ஏற்றுக்கொண்டார் என்று சொல்லமாட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவர் கடையில் கடன் கொப்பிக்குச் சாமான் இல்லை, காசுக்குத்தான்.

அயர்லாந்தின் எல்லாவற்றையும் பார்த்து ஏங்கச் சொல்லவில்லை. 2014 இல் 80 பட்டண சபைகளை ஒரே சட்டத்தால் மூடிவிட்டார்கள். 1,627 ஆக இருந்த உறுப்பினர் தொகை 949 ஆகியது அப்போதுதான். சபையின் அன்றாட அதிகாரம் பிரதம நிறைவேற்று அதிகாரியிடமே இருக்கிறது. உறுப்பினர்களுக்கு வரவுசெலவுத் திட்டம், கவுண்டியின் அபிவிருத்தித் திட்டம் போன்ற சிலவே உண்டு. உறுப்பினர் ஒருவர் இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் கிடையாது. சபையே ஆளைச் சேர்த்துக்கொள்ளும், பெரும்பாலும் விலகியவரின் கட்சியிலிருந்து. இலக்க வாக்கு நல்ல சபைக்கு உத்தரவாதமல்ல. யாரை அனுப்பினோம் என்பதற்கு மட்டுமே உத்தரவாதம். அந்த அளவுக்காவது அந்த மக்கள் அதை விட்டுக்கொடுக்கவில்லை. நாடாளுமன்றத் தேர்தலில் இம்முறையை நீக்கிவிட ஆளுங்கட்சி 1959 இலும் 1968 இலும் மக்கள் தீர்ப்புக் கேட்டது. இரண்டு தடவையும் மக்கள் மறுத்துவிட்டார்கள்.

1927 இல் இங்கு வந்து எங்களுக்குச் சர்வசன வாக்குரிமையைச் சிபாரிசு செய்த ஆணைக்குழுவின் தலைவர் டொனமூர் பிரபு, அயர்லாந்தின் டிப்பரரிக் கவுண்டியைச் சேர்ந்த குடும்பத்தவர். இனவாரிப் பிரதிநிதித்துவத்தை நீக்கிவிட்டுத் தொகுதிவாரியை வைத்துவிட்டுப் போன அவர், தன் ஊரில் ஏழு வருடங்களாக நடைமுறையில் இருந்த இலக்க வாக்கையும் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்திருக்கலாம் என்று சிலவேளை நினைப்பதுண்டு.

தேர்தல் முறைத் திருத்தம் பற்றிப் பேசுவோரிடம் நான் வேண்டுவது ஒன்றே. நாடு முழுவதையும் ஒரே நாளில் மாற்றச் சொல்லவில்லை. மூவினத்தவரும் கலந்து வாழும் இந்த மாவட்டத்தில் ஒன்றிரண்டு சபைகளை எடுத்து, வட்டாரங்களை ஐந்து தொடக்கம் ஏழு உறுப்பினர் பகுதிகளாகச் சேர்த்து, 2025 இன் வாக்கு விபரங்களை வைத்துக் கணக்கிட்டுப் பார்க்கட்டும். ஒரு புள்ளடியிலிருந்து இரண்டாம் விருப்பத்தை ஊகிக்க முடியாது என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு பகுதியிலும் யார் யார் தெரிவளவை நெருங்கியிருப்பார்கள் என்பதையும், எத்தனை பட்டியல் உறுப்பினர்கள் தேவையற்றுப் போயிருப்பார்கள் என்பதையும் அந்தக் கணக்கு காட்டிவிடும். தங்கள் நாளிதழே அதை முன்னின்று செய்தால், இடாப்பும் கணக்கும் தெரிந்த ஓய்வுபெற்றவர்கள் நாலைந்து பேரை என்னால் சேர்த்துத்தர முடியும்.

எங்கள் சனசமூக நிலையத்தின் 47 சீட்டுகளையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் போட்டுப் பத்திரமாக வைத்திருக்கிறேன். எண்ணிப் பார்க்க விரும்பும் எவருக்கும் தருவேன். கடைக்காரருக்கும் சொல்லியிருக்கிறேன், அவர் இன்னும் வரவில்லை.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
திருகோணமலை.